தினசரி நிரல் வேலைக்கு எந்தக் கருவிகள், எதைத் தானாக ஓடவிடலாம்?

கேள்வி இதுதான்: இரண்டு ஆண்டுகளாக வெப் பின்தளத்தில் வேலை, பெரும்பாலும் பைத்தான், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் உருப்படியாக நிரல் எழுதிய நேரம் கொஞ்சம்தான். எந்தக் கருவிகளைக் கற்றால் வேலை வேகமாகும், எதையெல்லாம் தானியக்கமாக்கலாம்? கூடவே ஒரு கிளைக் கேள்வி: விம் (Vim) எடிட்டரைக் கற்றே ஆக வேண்டுமா?

கிளைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டாயம் இல்லை. 2016-இல் மைக்ரோசாஃப்டும் ரெட் ஹேட்டும் கோட்என்வியும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலைப் பொதுத் தரமாக அறிவித்த பிறகு, எடிட்டர் சண்டையில் பாதி காரணம் போய்விட்டது. ஒரு ஃபங்ஷனின் வரையறைக்குத் தாவுவது, பெயரை எல்லா இடத்திலும் மாற்றுவது, தவறுக்குக் கீழே கோடு போடுவது எல்லாமே இப்போது எடிட்டருக்கு வெளியே ஓடும் தனி சர்வரின் வேலை. விஎஸ் கோட், நியோவிம், ஈமேக்ஸ் எல்லாம் அதே சர்வரிடம் கேட்டு வாங்கிக் காட்டுகின்றன. தொலைவில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் மாட்டிக்கொண்டால் கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்து, வெளியே வரும் அளவுக்கு விஐ (vi) எடிட்டர் தெரிந்தால் போதும். மற்றபடி இப்போது கையில் இருக்கும் எடிட்டரையே முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி பெரிய கேள்வி. "ஒரு நாளைக்கு 10 விநாடி மிச்சம், ஆண்டுக்கு இத்தனை மணி நேரம்" என்று கணக்குப் போட்டுத்தான் பலரும் கருவிகளைத் தேடுகிறார்கள். அந்தக் கணக்கு என்னை எப்போதும் கவர்ந்ததில்லை. நம் நேரத்தை அதிகம் தின்பது தட்டச்சு கிடையாது. "போன தடவை இதை எப்படி ஓட்டினேன், எந்த வேரியபிளை முதலில் அமைக்க வேண்டும், எந்தக் கோப்பில் இந்தப் பெயரைப் பார்த்தேன்" என்று யோசித்துத் தேடும் நேரம்தான் தின்கிறது. நீங்கள் நினைவில் சுமப்பதை எந்தக் கருவி இறக்கி வைக்கிறதோ, அதைக் கற்பது லாபம். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது என்பதற்கு உங்கள் டெர்மினலிலேயே பதில் இருக்கிறது. ஹிஸ்டரி கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியே ஆக் (awk) கட்டளைக்கு அனுப்பி, வரிசை எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு கட்டளையின் முதல் இரண்டு சொற்களை மட்டும் பிரித்தெடுங்கள். அப்புறம் சார்ட், எண்ணிக்கை காட்டும் யூனிக், மறுபடி எண்ணிக்கைப்படி தலைகீழாக ஒரு சார்ட். நீங்கள் அடிக்கடி தட்டுபவை இறங்குவரிசையில் வந்து நிற்கும். (இப்படிச் சின்னச் சின்ன நிரல்களைக் கோத்து வேலை வாங்கும் பைப் என்ற யோசனையை பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திக்கொண்டிருந்தார், கென் தாம்சன் 1973-இல் அதை யூனிக்ஸில் சேர்த்தார். இன்றும் அதற்கு மாற்று வரவில்லை.) அந்தப் பட்டியலில் மேலே நிற்பதைவிட, நீளமாகவும் குழப்பமாகவும் இருந்து வாரம் இரண்டு மூன்று முறை வரும் கட்டளைகளைக் கவனியுங்கள். டாக்கர் கட்டளையில் ஐந்தாறு ஃபிளாக், டேட்டாபேஸை மீட்டெடுக்கும் வரி, எஸ்எஸ்ஹெச் டனல். நோட்பேடில் எழுதி வைத்து ஒட்டுகிறீர்களே, அவைதான்.

பழைய கட்டளையைத் தேட கண்ட்ரோல்-ஆர் போதும் என்று நினைப்போம். அது ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் காட்டும். ஜுன்குன் சோய் 2013-இல் தொடங்கிய எஃப்இசட்எஃப் (fzf) என்ற தேடல் கருவியை நிறுவி அதோடு இணைத்தால், நினைவில் இருக்கும் இரண்டு துண்டுகளைத் தட்டினாலே பொருந்துகிற எல்லா வரிகளும் பட்டியலாக வரும். ஆனால் தேடுவதற்கு வரலாறு இருக்க வேண்டுமே! டெர்மினலில் ஓடும் பாஷ் ஷெல் இயல்பாக 500 கட்டளைகளைத்தான் வைத்துக்கொள்கிறது. அதன் ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் அமைப்புகள் இரண்டையும் ஒரு லட்சமாக ஏற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாத வேலை. இந்தப் பதிலில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். கோப்புகளுக்குள் தேட ஆண்ட்ரூ கேலன்ட் 2016-இல் வெளியிட்ட ரிப்கிரெப். அது வேகமானது என்பார்கள், உண்மைதான். எனக்குப் பிடித்தது வேறு: கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் உள்ளவற்றைத் தானாக ஒதுக்கிவிடுவதால், இறக்கிய நூலகங்கள் கிடக்கும் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரின் குப்பை முடிவுகளில் வராது. ஜேசன் (JSON) வடிவில் வரும் பதில்களைப் பிரித்துப் பார்க்க ஜேக்யூ (jq). இவ்வளவு போதும். இதற்கு மேல் டெர்மினலுக்கு வண்ணம் பூசுவதும் புராம்ப்டில் ஐகான் வைப்பதும் பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் அதை வேலை நேரக் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது புராஜெக்டை ஓட்டும் கட்டளைகள். இங்கே நான் பரிந்துரைப்பது ஐம்பது வயதான மேக் (make) கருவி. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் இதை எழுதியதற்குக் காரணமே மறதிதான். யாக் (yacc) என்ற நிரல் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த ஒரு நிரலில் காலை முழுக்கப் பிழை தேடிக் களைத்துப்போனார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்திருந்தார். முந்தின நாள் மாலை ஃபெல்ட்மேனும் இதே மாதிரி ஒரு தொல்லையில் சிக்கியிருந்தார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்துவிட்டால், எதை மறுபடி கட்ட வேண்டும் என்று இயந்திரமே முடிவு செய்யட்டும் என்பதுதான் யோசனை. மேக்ஃபைலில் வரி தொடக்கத்தில் டேப் இல்லாவிட்டால் திட்டுமே, அதுவும் அந்த நாட்களின் மிச்சம். முதலில் அவசரமாக வைத்த விதியைப் பிறகு மாற்றலாம் என்றால், அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக நாம் இன்றுவரை டேப் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

பைத்தான் புராஜெக்டுக்கு எதற்கு மேக் என்று கேட்கலாம். கம்பைல் செய்ய வேண்டாம். கட்டளைகளுக்குப் பெயர் வைக்கும் இடமாக மட்டும் பயன்படுத்துங்கள். செட்டப், ரன், டெஸ்ட், டேட்டாபேஸ்-ரீசெட் என்று நாலைந்து இலக்குகள். ஒவ்வொன்றையும் ஃபோனி, அதாவது கோப்பு அல்ல, வெறும் பெயர் என்று அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் டெஸ்ட் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தாலே "எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி மேக் கையைக் கட்டிக்கொள்ளும். மேக்கின் பழைய வழக்கங்கள் எரிச்சலூட்டினால் அதே வேலைக்கு ஜஸ்ட் (just) என்ற கருவி இருக்கிறது. நோட் புராஜெக்ட் என்றால் பேக்கேஜ் ஜேசனின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியே போதும். எந்தக் கருவி என்பது முக்கியமில்லை. புதிதாகச் சேர்ந்தவர் ரெப்போவை (புராஜெக்டின் கிட் களஞ்சியத்தை) இழுத்ததும் இரண்டு கட்டளையில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

நிரலை சர்வரில் ஏற்றும் டிப்ளாய் போன்ற நீளமான, பயமுறுத்தும் வேலைகளை ஒரே நாளில் ஸ்கிரிப்டாக்க முயல வேண்டாம். முதலில் ஒன்றுமே செய்யாத ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். அது ஒவ்வொரு படியையும் திரையில் காட்டி, நீங்கள் கையால் செய்து முடித்து என்டர் தட்டும்வரை காத்திருக்கட்டும். இதில் எதுவும் தானாக ஓடவில்லை, ஆனால் படி எதுவும் விடுபடாது. அப்புறம் ஓய்வு கிடைக்கும்போது எளிதான படியை உண்மையான கட்டளையாக மாற்றுங்கள். சில மாதங்களில் பாதிக்கு மேல் தானாக ஓடும். மீதியில் சிலவற்றை வேண்டுமென்றே மனிதரிடம் விட்டுவைத்திருப்பீர்கள்.

படி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேபிடலைவிட மோசமான உதாரணம் கிடைக்காது. அமெரிக்காவின் பெரிய பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஜூலைக் கடைசியில் புதிய நிரலை எட்டு சர்வர்களில் கையால் ஏற்றினார்கள். ஒன்றில் ஏற்ற விட்டுப்போயிற்று. அந்த ஒரு சர்வரில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட பவர் பெக் என்ற பழைய நிரல் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது. புதிய வசதிக்கு, பழையதை இயக்கிய அதே ஃபிளாகை மறுபயன்பாடு செய்திருந்தார்கள். ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் பழையது விழித்துக்கொண்டு ஆர்டர்களை வாரி இறைத்தது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போனது. பங்குச் சந்தை ஆணையத்தின் 2013 ஆணையைப் படித்தால், இரண்டாம் ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து வடிவ விதிகூட அங்கே இல்லை என்று தெரிகிறது. சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக் பெயரோடு 97 மின்னஞ்சல்கள் உள்ளே சுற்றியிருக்கின்றன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. எட்டு சர்வரிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று ஒப்பிடச் சில வரி ஸ்கிரிப்ட் போதும். அப்படி ஒன்று மிச்சப்படுத்தும் நேரம் என்று பார்த்தால் இரண்டு நிமிடம்கூட இருக்காது. விநாடிக் கணக்கு எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம்.

நிரலின் மாற்றங்களைக் கமிட் கமிட்டாகப் பதிந்து வைக்கும் கிட்டுக்கு வருவோம். ஆட், கமிட், புஷ், புல் தெரியும், மெர்ஜ் சிக்கல் வந்தால் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்கிறோம் என்ற நிலையில் பலர் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு வாரம் ஒதுக்கிக் கற்கத் தகுந்தது இதுதான். அதிலும் பைசெக்ட்.

"போன மாதம் வேலை செய்தது, இப்போது உடைந்திருக்கிறது" என்ற வகைப் பிழைக்கு அது மருந்து. நன்றாக இருந்த கமிட் ஒன்று, கெட்டுப்போன கமிட் ஒன்று என இரண்டைச் சொன்னால், கிட் நடுவில் உள்ள கமிட்டை எடுத்துத் தரும். அது நல்லதா கெட்டதா என்று நீங்கள் சொல்ல, மிச்சத்தில் பாதி கழியும். இடையில் ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளி கிடைத்துவிடும். இதையும் கையால் செய்ய வேண்டியதில்லை. பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி பைசெக்ட் ரன்னிடம் கொடுங்கள். ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் நல்ல கமிட், 1 என்றால் கெட்டது, 125 என்றால் "இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ" என்று பொருள். அந்த 125 மிக முக்கியம். இடையில் எங்காவது பில்டே ஆகாத கமிட் இருந்தால், அதைக் கெட்டது என்று எண்ணி முடிவு தப்பாகப் போகாமல் அதுதான் காப்பாற்றும். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு வெளியே வையுங்கள். உள்ளே இருந்தால் பழைய கமிட்டுக்குப் போகும்போது அதுவும் மாறலாம், காணாமலும் போகலாம். ஓடவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால், எந்தக் கமிட், யார் எழுதியது, எப்போது என்பது திரையில் இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கமிட்டுகள் சிறியதாக இருக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை வேலை" என்ற தலைப்பில் நாற்பது கோப்பைக் கொட்டிய கமிட்டைப் பைசெக்ட் சரியாகக் கண்டுபிடித்துக் கொடுத்தாலும் நமக்குப் பயனில்லை. ஒர்க்ட்ரீயும் பாருங்கள், அவசரத் திருத்தம் வந்தால் பாதியில் நிற்கும் வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கும் ஸ்டாஷுக்குள் திணிக்காமல், அதே ரெப்போவின் இன்னொரு கிளையைத் தனி ஃபோல்டரில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

நிரலை ஒரே பாணியில் அடுக்கும் ஃபார்மேட்டர், தவறுகளைச் சுட்டும் லின்டர் பற்றிச் சுருக்கமாக. பைத்தானுக்கு பிளாக் அல்லது ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரெட்டியர். எது என்று விவாதிக்காதீர்கள். விவாதத்தை முடிப்பதற்குத்தான் அவையே வந்தன. பழைய புராஜெக்டில் முதல் முறை ஓட்டும்போது எல்லா வரியும் மாறி, எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் கிட்டின் பிளேம் பார்த்தால் உங்கள் பெயரே எங்கும் நிற்கும். அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, பிளேம் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கும்படி அமைக்கலாம். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. கமிட்டுக்கு முன் ஓடும் ஹூக்கில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் எடுக்கும் எதையும் வைக்காதீர்கள். முழு டெஸ்டையும் அதில் வைத்த குழுக்களில், ஒரே மாதத்தில் எல்லாரும் ஹூக்கைத் தாண்டும் ஃபிளாகைக் கற்றுக்கொள்கிறார்கள். கனமானவை, புஷ் செய்ததும் சர்வரில் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் ஓடட்டும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட பகுதி. தானாக ஓடவிட்டது நின்றுபோனால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

2017 ஜனவரி 31 இரவு, கிட் ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர், இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவு ஃபோல்டரை அழித்தார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினாலும் 300 ஜிபி அளவில் இருந்ததில் மிஞ்சியது 4.5 ஜிபி. அப்படிப்பட்ட தவறு யாருக்கும் நேரலாம். என்னைத் திடுக்கிட வைத்தது அடுத்து நடந்தது. தினமும் ஓடவேண்டிய பேக்கப்பைத் தேடினால், அதைச் சேமிக்கும் அமேசான் எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த நிரலோ 9.2. பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அதை மின்னஞ்சலில் சொல்லவும் செய்தது. அந்த மின்னஞ்சல்களை, அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் டீமார்க் சரிபார்ப்பில் தேறவில்லை என்று பெறும் பக்கம் நிராகரித்துவிட்டது. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டால்தான் பிழைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டு, மீட்பு வேலையையே யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த நேர்மையால்தான் நாம் இதைப் பேச முடிகிறது.

ஆகவே கிரானில் எதையும் போடும்போது, தோற்றால் சத்தம் போடுவதோடு, வெற்றி பெற்றதாகச் செய்தி வராவிட்டாலும் சத்தம் வரும்படி அமையுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஒரு முகவரியைத் தட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்தப் பக்கம் உங்களை எழுப்பும். ஹெல்த்செக்ஸ் இதற்கான திறமூலக் கருவி. கிரானின் மற்ற பொறிகளும் தெரிந்திருக்கட்டும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும், உங்கள் டெர்மினலில் உள்ள பாத் (PATH) அங்கே இருக்காது, அதனால் முழுப் பாதையைக் கொடுங்கள். கிரான் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயரில் தேதி சேர்ப்பவர்கள் இதில் சறுக்கி விழுவார்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கினால் இரண்டும் மோதும், அதைத் தடுக்க எஃப்லாக் (flock) கட்டளை.

பாஷ் ஸ்கிரிப்ட்டின் இயல்பே, ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போவது. ஃபோல்டர் மாறும் வரி தோற்று, அடுத்த வரியில் அழிக்கும் கட்டளை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தொடக்கத்திலேயே, தவறு நேர்ந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் எர்எக்ஸிட், நோஅன்செட், பைப்ஃபெயில் மூன்றையும் இயக்குங்கள், தவறுகளைச் சுட்டும் ஷெல்செக்கில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அந்த ஸ்கிரிப்ட்டில் அர்ரே, பிழை கையாளல், ஜேசன் என்று வரத் தொடங்கினால் பைத்தானுக்கு மாறிவிடுங்கள். உங்களுக்குத்தான் அது தெரியுமே.

ஏஐ உதவியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மறந்துவிட்டேன் என்பீர்கள். மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 திறமூல நிரலாளர்கள், தாங்கள் நன்கு அறிந்த ரெப்போக்களில், 246 பணிகள். ஏஐ-யை அனுமதித்த பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது; முடித்தவர்களோ 20 சதவீதம் வேகமாகச் செய்ததாக நம்பினார்கள். 2025 தொடக்கத்தின் கருவிகள், குறிப்பிட்ட வகை ஆட்கள். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாக இருப்பது போன்ற உணர்வை அப்படியே நம்ப முடியாது என்பது தெரிகிறது. என் பழக்கம்: விடை சரியா என்று உடனே பார்க்க முடிந்த இடத்தில் தாராளமாகக் கேட்பேன். ஜேக்யூ வடிகட்டி, ரெகெக்ஸ், பைசெக்டுக்கான சோதனை ஸ்கிரிப்ட், மேக்ஃபைலின் முதல் வடிவம். அழிக்கும் கட்டளை எதையும் படித்துப் பார்க்காமல் ஓடவிட மாட்டேன்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நம்மூர் சர்வீஸ் கம்பெனிகளில் கிளையன்ட் தரும் லேப்டாப்பில் நிர்வாக உரிமை இருக்காது. ரிப்கிரெப் நிறுவவே டிக்கெட் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அங்கே இருப்பது என்னவோ அதைக் கூர்மையாக்குங்கள். கிட் நிறுவியிருந்தால் கிட் கிரெப் உண்டு. அதுவும் ரெப்போவில் உள்ள கோப்புகளை மட்டுமே தேடும், வேகமும் குறைவில்லை. விண்டோஸ் என்றால் கிட்டோடு வரும் கிட் பாஷிலேயே ஸ்கிரிப்ட்களில் பெரும்பகுதி ஓடும். உங்கள் சொந்த வசதிக்கான அலையஸ்களை (கட்டளைகளின் குறும்பெயர்களை) ஹோம் ஃபோல்டரிலும், குழுவுக்குப் பயன்படும் ஸ்கிரிப்ட்களைப் புராஜெக்ட் ரெப்போவிலும் வையுங்கள். ரெப்போவில் இருந்தால்தான் இன்னொருவர் திருத்துவார், நீங்கள் விடுப்பில் போனாலும் ஓடும். கடவுச்சொல், ஏபிஐ சாவி எதையும் அதில் எழுதாதீர்கள். ஒருமுறை புஷ் ஆகிவிட்டால் அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். அந்தச் சாவியை ரத்து செய்து புதியது வாங்குவதுதான் ஒரே வழி.